மன்றத்துச் சின்னத்தில் ஒரு மத்தளம்

எங்கள் ஊர்க் கலை மன்றத்தின் ரப்பர் ஸ்டாம்ப் தேய்ந்துவிட்டது. போன மாதம் என் கணவர் அதை ஒரு வெள்ளைத் தாளில் குத்திக் காட்டினார். கேடயத்தின் ஓரக் கோடு பாதிதான் விழுந்தது. கலப்பையும் மணியும் மையில் குழம்பிப்போயிருந்தன. மத்தளம் மட்டும் பளிச்சென்று விழுந்தது.

"தாம்பரத்துல புதுசு செய்யக் குடுக்கணும். மறுபடியும் ஒருவாட்டி வரைஞ்சு குடுத்துடு" என்றார்.

சரி என்றேன். எதற்கும் சரி என்றுதான் சொல்வேன். பிறகுதான் யோசிப்பேன்.

அந்தச் சின்னத்தை வரைந்தது நான். ஏழு வருடம் ஆகிறது. அதில் மத்தளம் இருக்கக் கூடாது. அந்த இடத்தில் ஒரு பறை இருந்திருக்க வேண்டும். மாற்றியது நான்தான். மாற்றச் சொல்லி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

எங்கள் ஊர் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. விவசாயக் குடும்பங்களின் ஊர்த்தெரு, நாலைந்து கடைகளோடு கடைத்தெரு, நாங்கள் இருக்கும் மாதா கோயில் தெரு, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனி. மன்றத்துக்குக் கட்டடம் எழுப்பியபோது நாலு பக்கத்து ஆண்களும் கல் சுமந்தார்கள். காலனி ஆட்கள்தான் அதிகம் சுமந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டி முடித்த பிறகு காலனிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் மன்றத்து ரேடியோவைக் கேட்டார்கள். உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வரலாம் என்றும் சொல்லவில்லை.

மன்றத்தைப் பதிவு செய்ய ஒரு சின்னம் தேவைப்பட்டது. லெட்டர்பேடில் போட, மேடைப் படுதாவில் எழுத. அதற்காகக் கூடிய பொதுக்கூட்டத்தில் மன்றத் தலைவர், ஊர்த்தெருப் பெரியவர், ஓர் ஏற்பாடு சொன்னார். தெருவுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும். எந்தத் தெருவின் பொருள் சின்னத்தில் இருக்கிறதோ அந்தத் தெருப் பிள்ளைகள் உள்ளே வந்து உட்காரலாம், புதிதாகத் தொடங்கப்போகும் மாலை வகுப்பில் படிக்கலாம். கல் சுமந்தவர்களுக்கு அவர் செய்ய நினைத்த நியாயம் அது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஊர்த்தெரு கலப்பையைச் சொன்னது. கடைத்தெரு தராசைச் சொன்னது. எங்கள் தெருவுக்காக என் கணவர் கோயில் மணியைச் சொன்னார். அவர்தான் மன்றத்தின் செயலாளர். கடைசியாக வாசல் பக்கத்தில் நின்ற காலனி ஆள் ஒருவரின் குரல் வந்தது.

"எங்க பொருள் மோளந்தாங்க."

பறைக்கு எங்கள் ஊரில் மோளம் என்றுதான் பேர். தலைவர் மடியில் இருந்த துண்டைக் குனிந்து பார்த்தார். அதை ஒரு மடிப்பு மடித்தார். "செரி, மோளம். எழுதிக்கோ" என்றார்.

பெண்கள் பக்கத்தில் நின்றிருந்த நான் அந்த ஒரு மடிப்பை மனத்தில் வைத்துக்கொண்டேன். அதற்கு அர்த்தம் இருந்ததா, துண்டு நழுவியதால் மடித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

யார் வரைவது என்று பேச்சு வந்தது. "எங்க வூட்ல டிராயிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணியிருக்காங்க" என்று என் கணவர் சொன்னார்.

"அடடே! அப்ப மன்றத்துச் செவுத்துல கரியால கோடு போட்ற பசங்களையும் உங்க வூட்டுக்கே அனுப்பிடறோம், செக்ரட்டரி" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். மாலை வகுப்பையும் என்னிடமே விட்டார்கள்.

நான் படித்தது கன்னியர்கள் நடத்தும் விடுதிப் பள்ளியில். சீருடையின் மார்பில் ஒரு துணிச் சின்னம் தைத்திருக்கும்: நாலு கட்டமாகப் பிரித்த கேடயம், அதன் மேல் ஒரு விளக்கு, கீழே எழுத்து போட்ட ஒரு நாடா. எங்கள் டிராயிங் சிஸ்டர் அதை வரையக் கற்றுக்கொடுத்தபோது ஒன்று சொன்னார். கேடயத்தைச் சுவரில் மாட்டிய படமாகப் பார்க்காதே, ஒரு வீரன் அதைப் பிடித்துக்கொண்டு உன் எதிரில் நிற்கிறான் என்று நினைத்துக்கொள். அவனுக்கு எது வலது கையோ அதுதான் கேடயத்தின் வலது. பார்க்கிறவளுக்கு அது இடது. மேல்வரிசையில் அந்த வலது கட்டம்தான் முதல் மரியாதைக்கு உரியது.

எங்கள் மன்றத்துக்கும் அப்படியே ஒரு கேடயம் போடுவது என்று முடிவு செய்தேன். நாலு தெருவுக்கு நாலு கட்டம். மேலே ஓர் அகல் சுடர். கோயில் விளக்கு என்று நினைக்கிறவர்களுக்குக் கோயில் விளக்கு, பீடத்து மெழுகுவத்தி என்று நினைக்கிறவர்களுக்கு மெழுகுவத்தி. இரண்டு பக்கமும் கேடயத்தைத் தாங்கியபடி இரண்டு கொக்குகள், ஏரி இருக்கும் ஊர் என்பதால். கீழே நாடாவில் 'ஒன்றாய் அமர்வோம்'. அந்த வாசகம் என் கணவர் யோசித்தது.

ஊர்த்தெருக்காரர்கள் கலப்பையை மேலே வலது பக்கம் போடச் சொன்னார்கள். போட்டேன். பார்க்கிறவர்களின் வலது அது. மேலே இடது பக்கம் மிச்சமிருந்த கட்டத்தை யாரும் கேட்கவில்லை. அதில் பறையை வைத்தேன். கேடயத்தின் கணக்கில் அதுதான் முதல் மரியாதைக் கட்டம். எனக்கு மட்டும் தெரியும். அந்த ரகசியத்தில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது. யாருக்கும் தெரியாமல் நீதி செய்துவிட்டதாக நினைத்தேன்.

பறையைச் சொன்ன ஆளின் மனைவி என் சிநேகிதி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி என்று சொல்லலாம். அவர்களும் மாதா கோயிலுக்கு வருகிறவர்கள். எங்கள் மூத்த பெண்கள் இருவருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது.

"ஒரே சொம்புத் தண்ணி யக்கா. ரெண்டுக்கும் ஒரே புத்திதான் வரும், பாத்துக்க" என்று அன்றைக்கு அவள் சொன்னாள்.

ஒரே புத்தி வரவில்லை. அவள் பெண்ணுக்குத்தான் அதிகம் வந்தது. ஐந்து வயதில் அந்தப் பெண் பூசையில் கேட்ட ஜெபங்களை எல்லாம் ஒப்பிக்கும். சாமியார் இருமுவதையும் சேர்த்து ஒப்பிக்கும். என் பெண் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். நான் படித்த விடுதிப் பள்ளியில் எட்டு வயதுப் பெண்களுக்கு ஒரு பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்தால், சாப்பாடும் படிப்பும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நானும் அப்படிப் போனவள்தான். ஒரு நாள் பூசை முடிந்து வரும்போது சிநேகிதியிடம் சொன்னேன்: "மாலை வகுப்புல மூணு வருஷம் ரெண்டு பேரையும் நான் தயார் பண்றேன். உன் பொண்ணு நிச்சயம் பாஸ் பண்ணிடும்."

அவள் நின்றுவிட்டாள். "வகுப்பு மன்றத்துலயா யக்கா? உள்ளயா?"

"உள்ளேதான். உங்க பொருளும் சின்னத்துல இருக்குமே."

"நெசமாவா சொல்ற?"

"நான்தானே வரையறேன்" என்றேன்.

டிராயிங் சிஸ்டர் எதையும் கண்முன் வைத்துத்தான் வரையச் சொல்வார். அதனால் ஒவ்வொரு தெருவும் தன் பொருளை எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு வந்தது. கலப்பை காய்ந்த சேற்றோடு வந்தது. தராசைக் கொண்டுவந்த கடைக்காரர், "தட்டு ரெண்டையும் சமமா போடும்மா. ஒண்ணு எறங்கியிருந்தா எங்கடைக்கு எவன் வருவான்?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பூசையில் அடிக்கும் கைமணியை, மாதா கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை துணியில் சுற்றி எடுத்துவந்தார்.

கடைசியாகப் பறை வந்தது. சிநேகிதியும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். அவர் அதைச் சாக்கு விரித்து வைத்தார். நான் பென்சிலை எடுத்தேன்.

"இரும்மா, இரு. சூடு காட்டாம இருக்கசொல்ல மூஞ்சி தொங்கிக்கினு கெடக்கும். அப்படியே வரஞ்சிடப்போற" என்று தடுத்தார்.

முற்றத்தின் ஓரத்தில் வைக்கோலைப் பற்றவைத்துப் பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். தோல் இறுகி நிறம் மாறியது. இறுகிவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு தட்டு தட்டினார். உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்த என் மகன், நாலு மாதக் குழந்தை, வீறிட்டு அழுதான்.

"ஆம்பளைப் புள்ள பயப்படலாமா? எங்க சத்தத்துக்குப் பதில் சத்தம் போட்றான் பாரு" என்று சிநேகிதி சிரித்தாள்.

நான் வரைந்து முடித்தேன். அவர் தாளை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். குச்சிகள் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று விரலால் தொடாமல் மேலே காட்டிச் சரிபார்த்தார். "இதான். இதேதான்" என்றார். அந்த மாதிரி ஒரு பாராட்டு எனக்குப் பரீட்சையில்கூடக் கிடைத்ததில்லை.

சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் படப்பை ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்ட நர்ஸம்மா, "காய்ச்சல் வரும், பயந்துடாதே, ரெண்டு மூணு நாள்ல எறங்கிடும்" என்று சொல்லி மாத்திரையும் கொடுத்திருந்தார். எனக்குத் தெரியும். தொடை ஊசி போட்ட இடத்தில் கல் மாதிரி வீங்கியிருந்தது. தெரிந்தும் பயந்தேன்.

எங்களோடு இருந்த என் நாத்தனார், கணவரின் அக்கா, தூளியின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்: "கைக்கொழந்த கீற வூட்டு வாசல்ல சாவு மோளத்தத் தட்ட வுட்டியே, படிச்ச பொண்ணு தானே நீ?"

"அது ஊசி போட்டதால வந்த காய்ச்சல், அக்கா. நர்ஸம்மாவே சொன்னாங்க."

"ஊசி நேத்து போட்டது. மோளம் இன்னிக்கி அட்ச்சது. காய்ச்சல் எப்ப வந்துது? நீயே சொல்லு."

நான் துணியை நனைத்துக் குழந்தையின் நெற்றியில் போட்டேன்.

மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தேன். நாத்தனார் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாளை மட்டும் குழந்தை இருக்கும் அறையிலிருந்து எடுத்துச் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வேறு யோசனைகளும் வந்தன. தலைவர் துண்டை மடித்தது ஞாபகம் வந்தது. பறையைச் சின்னத்தில் பார்த்ததும் ஊர்த்தெருவுக்குக் கோபம் வந்தால்? மொத்தக் கேடயத்தையும் வேண்டாமென்று சொன்னால் எங்கள் மணியும் போகும். செயலாளர் வீட்டுக்காரி செய்த வேலை என்று என் கணவருக்குப் பேர் வரும். மாலை வகுப்பே நடக்காமல் போனால் இரண்டு பெண்களுக்கும் நஷ்டம். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இவற்றில் எது உண்மையான காரணம், எது நான் வெட்கத்தை மறைக்கத் தேடிக்கொண்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு புதுத் தாளில் சின்னத்தை மறுபடி வரைந்தேன். முதல் மரியாதைக் கட்டத்தில் பறைக்குப் பதில் மத்தளத்தைப் போட்டேன். அதுவும் தோல் வாத்தியம்தானே, இடத்தை மாற்றவில்லையே, கட்டம் இன்னும் அவர்களுடையதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டு பக்கமும் சமாதானமாகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாகக்கூட நினைத்தேன். மத்தளத்தை நான் கண்முன் வைத்து வரையவில்லை. எங்கள் ஊரில் யாரிடமும் மத்தளம் கிடையாது. மணிமங்கலம் கோயில் உற்சவத்தில் எப்போதோ தூரத்திலிருந்து பார்த்தது.

அன்று சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. நர்ஸம்மா சொன்ன கணக்குப்படிதான். நாத்தனார் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து தாளைப் பார்த்தார். "மோளம் இல்லியா?"

"பறை வட்டமா இருக்கு. அதுக்குக் கீழ தராசுத் தட்டும் வட்டம். சின்னதாப் போட்டா ரெண்டும் குழம்பிடும். அதான்" என்றேன். நான் அவரிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது. படம் வரையும் விஷயத்தில் அவர் என்னை எதிர்த்துப் பேசமாட்டார். தாளை மறுநாளே தாம்பரத்துப் படுதாக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்னொரு பிரதி பதிவு அலுவலகத்துக்குப் போனது.

ஆண்டு விழா அன்று பொழுது சாயும் நேரத்தில் படுதாவை இறக்குவது என்று ஏற்பாடு. காலனிப் பறையடிப்பவர்கள் எட்டுப் பேர், படுதா இறங்கும்போது அடிப்பதற்காக மேடைப் பக்கத்து வாசலுக்கு வெளியே தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டு நின்றார்கள். மன்றத்துக்குள் அவர்கள் அடிப்பது அதுதான் முதல் முறையாக இருந்திருக்கும். சிநேகிதி புதுப்புடவை கட்டி, பெண்ணுக்கு ரிப்பன் கட்டி அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே நிற்காமல் நேராக உள்ளே வந்து என் பெண்ணின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தது.

படுதா இறங்கியது. கைதட்டினார்கள்.

"கொக்கு ரெண்டும் இன்னாத்துக்கு மொறச்சிக்கினு கீது? ஒரே மீனுக்கா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

பறைச் சத்தம் எழவில்லை. சிநேகிதியின் வீட்டுக்காரர் பறையைத் தோளிலிருந்து இறக்காமல் படுதாவுக்குக் கிட்டே போனார். நாலு கட்டத்தையும் பார்த்தார். பிறகு என் கணவரிடம் திரும்பினார்.

"செக்ரட்டரி சார், இது எந்தத் தெரு சாமானுங்க?"

"அது… மத்தளம்பா. உங்க இடத்துலதான் போட்டிருக்கு."

"மத்தளம் நம்ம ஊர்ல யாராண்ட கீது?"

என் கணவர் என்னைத் தேடினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வரையறதுக்கு வட்டம் ஒத்துவரலியாம். எங்க வூட்ல சொன்னாங்க" என்றார்.

சிநேகிதியின் வீட்டுக்காரர் ஒன்றும் கோபப்படவில்லை. "எங்களுது இதுல இல்ல சார். இல்லாதப்ப எப்டி அடிக்கறது?" என்றார். எட்டுப் பேரும் மேடைப் பக்கத்துத் தீயை மண் தள்ளி அணைத்துவிட்டுப் போனார்கள். சிநேகிதி பாய் பக்கம் வந்து பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தப் பெண், "நாடகம் இன்னும் ஆரம்பிக்கலம்மா" என்று சொன்னது. நாடகம் நடந்தது. நானும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். செயலாளரின் மனைவி எழுந்து போனால் நன்றாக இருக்காது.

விழா முடிந்து போகும்போது தலைவர் என்னிடம் நின்று சொன்னார்: "நல்லா கீதும்மா. நான்கூட மோளத்ததான் எதிர்பாத்தேன். அத்தயே போட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "செரி, வுடு. போட்டாச்சு."

அவர் உண்மையாகச் சொன்னாரா? உண்மை என்றால் நான் பயந்தது எல்லாம் வீண். பொய் என்றால், செய்ய வேண்டிய காரியத்தை அவர் வாய் திறக்காமலே என்னை வைத்து முடித்துக்கொண்டார். எது என்று ஏழு வருடமாக மாற்றி மாற்றி நினைக்கிறேன். திருத்துவோம் என்று அவரும் சொல்லவில்லை.

மாலை வகுப்பு தொடங்கியது. மூன்று தெருப் பிள்ளைகள் வந்தார்கள். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்பதும் நின்றுபோனது.

சிநேகிதியைக் கோயிலில் பார்த்துப் பேச எனக்கு மூன்று ஞாயிறு ஆனது. முதல் ஞாயிறு தூண் பக்கம் ஒதுங்கினேன். இரண்டாம் ஞாயிறு குழந்தை அழுவதாக வெளியே போனேன். மூன்றாம் ஞாயிறு அவளே எதிரில் வந்துவிட்டாள்.

"உன் பொண்ணை எங்க வீட்டுக்கு அனுப்பு. தனியா உட்கார வச்சுச் சொல்லித்தரேன். பரீட்சைக்கு நான் பொறுப்பு" என்றேன்.

"உங்க வூட்டுக்கா, டீச்சரம்மா?" என்றாள். அதுவரை அவள் என்னை யக்கா என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறாள். "எந்த வாசல் வழியா வரட்டும், முன்னாலயா, கொல்லப்பக்கமாவா?"

"ஏன் இப்படிப் பேசற?"

"பின்ன எப்டி பேசறது? மன்றத்துல நாலு பேரோட ஒக்காந்து பட்ச்சிக்கினு இருக்கணும்னுதான் மோளத்த எத்துக்கினு வந்து உங்க வாசல்ல வச்சோம். ஒளிஞ்சிக்கினு படிக்கவா? மோளம் ரவுண்டா கீதுன்னு சொன்னீங்களாமே. தராசு தட்டுகூட ரவுண்டாதான் கீது. அத்த எடுக்கலியே."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல், பயந்துவிட்டேன் என்று. அவளும் பிள்ளை பெற்றவள்தான். ஆனால் அப்படிச் சொல்வதென்றால், உங்கள் பறைச் சத்தம் என் பிள்ளைக்கு ஆகாது என்று நம்பினேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பொய்யைவிட அது மோசமாகத் தோன்றியது. அவள் பெண்ணை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் திரும்பித் திரும்பி என் பெண்ணைப் பார்த்துக்கொண்டே போனது.

திருத்தலாமா என்று என் கணவரிடம் இரண்டு முறை கேட்டேன். படுதா எழுதியாகிவிட்டது, ஸ்டாம்ப் வெட்டியாகிவிட்டது, பதிவுத் தாளிலும் அதுதான் இருக்கிறது, அடுத்த வருஷம் பொதுக்கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷப் பொதுக்கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அங்கே யாரும் பேசியதில்லை.

மூன்று வருடம் கழித்து என் பெண் பரீட்சையில் தேறி விடுதிக்குப் போனாள். அவள் மார்பில் கேடயச் சின்னத்தைத் தைத்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். என் பெண் தேறிய பரீட்சையில் சிநேகிதியின் பெண் முதலாவதாக வந்திருக்கும். அந்தப் பெண்ணின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. தம்பியைப் பார்த்துக்கொள்ள முதலில் நிறுத்தினார்கள். பிறகு ஒரகடம் பக்கத்துச் செங்கல் சூளைக்கு அம்மாவோடு போகத் தொடங்கியது.

ஸ்டாம்ப் தேய்ந்தது என்று கணவர் சொல்லி, நான் சரி என்ற பிறகுதான் யோசித்தேன். இதோ, புதிதாக வரையச் சொல்லிவிட்டார்கள். இந்த முறை பறையைப் போட்டுவிடலாம். அன்றைய தாள் என்னிடம் இல்லை. சமையலறை அலமாரியிலிருந்து அது எப்போது போனது என்று நாத்தனாரை நான் கேட்டதில்லை. அதனால் பறையைக் கண்முன் வைத்து மறுபடி வரைய வேண்டும். அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர்கள் இப்போது அதிகம் வருவதில்லை. மூன்றாவது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவர் ஸ்டாம்ப் குத்திக் காட்டிய தாளை மடித்து எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைமேல் நடந்து காலனிக்குப் போனேன். இந்த ஊருக்கு வந்து பதின்மூன்று வருடத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் முறை. வழியில்தான் அது எனக்கு உறைத்தது.

சிநேகிதி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் பெண் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தது. நல்ல உயரம். எண்ணெய் வைத்தும் முடியில் செங்கல் தூள் போகவில்லை.

"வாங்க டீச்சரம்மா. ஒக்காருங்க" என்று பலகையைப் போட்டாள். உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். புது ஸ்டாம்ப், புதுப் படம், இந்த முறை பறை.

அவள் கையிலிருந்த சாம்பலைக் கழுவிவிட்டு வந்தாள்.

"மோளம் உள்ளதான் கீது. நேத்துகூட மணிமங்கலம் பக்கம் அட்ச்சிட்டு வந்தாரு. ஆனா குடுக்கறதுக்கில்ல. ஒருவாட்டி சூடு காட்டி, மூஞ்சி நல்லா கீற மாதிரி குட்த்தோம். அவ்ளோதான்."

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். ஏழு வருடத்துக்குப் பிறகு.

"அது அன்னிக்கே தெரியும்" என்றாள். குரலில் கடுமை இல்லை. பக்கத்து வீட்டில் மழை ஒழுகியதைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னாள். "இப்ப போட்டு இன்னா ஆவப்போவுது? இவள எந்த வகுப்புல ஒக்கார வப்பீங்க? கட்டிக்குடுக்கற வயசு வந்துக்கினு கீது."

அந்தப் பெண் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தது. நாடாவில் இருந்த எழுத்தின்மேல் விரல் வைத்துக் கூட்டிப் படித்தது. "ஒன்… றாய்… அமர்…" அதற்கு மேல் மை சரியாக விழவில்லை. "மிச்சம் தெரியலம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தது. என்னை அதற்கு அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. சிநேகிதி என் குழந்தையின் கையில் ஒரு வெல்லத்துண்டு கொடுத்தாள். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக, சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன், அவர்கள் பொருள் இல்லாமலே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா என்று. அப்படியாவது பொய் போகுமே என்று நினைத்தேன்.

"பதிவுல எது இருக்கோ அதான் இருக்கணும். மாத்தறதுன்னா தீர்மானம் போடணும், தலைவர் கையெழுத்து வேணும். அவருக்கும் இப்ப உடம்பு முடியல. பழைய மாதிரியே போட்டுடேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் எப்போதும் ஒழுங்காகச் செய்கிறவர்.

நேற்று மத்தியானம் மன்றத்தின் பழைய லெட்டர்பேடுத் தாள் ஒன்றை எடுத்து, அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்துக் கிளிப் போட்டேன். சுடரை எடுத்தேன். கொக்குகளை எடுத்தேன். கலப்பை, தராசு, மணி. கடைசியாக முதல் மரியாதைக் கட்டத்துக்கு வந்தேன். மத்தளத்தின் வார்களை ஒவ்வொன்றாக எண்ணி, பழையபடியே, ஒன்றுகூடக் குறையாமல் இந்தியன் இங்க்கில் போட்டேன். இந்த முறை வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.